டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக் காட்டிய அண்ணனுக்கு

ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டி வந்தபோது பின் டயர் வெடித்து நான் வழியில் நின்றது இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். நான்கு நாளாக மாற்றி மாற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதை மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றாக இருக்கிறேன். சீட் பெல்ட் அழுத்திய தோள்பட்டையில் வலி குறைந்திருக்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

லாரி அண்ணா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இது உங்கள் கண்ணில் படுமோ படாதோ.

கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் பெரிய வண்டி ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, பயம். தனியாக வண்டி ஓட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்தடி தள்ளியே நின்றுகொண்டீர்கள். டார்ச்சை என் கண்ணாடிப் பக்கம் திருப்பாமல் உங்கள் முகத்தில் அடித்துக் காட்டினீர்கள். நரைத்த மீசையும் தூக்கம் இல்லாத கண்களும் தெரிந்தன. “தங்கச்சி, கதவைத் திறக்க வேணாம். வீட்டுக்குப் போன் போட்டு என் லாரி நம்பரைச் சொல்லுங்க. சொன்னப்புறம் கிட்ட வர்றேன்” என்றீர்கள். ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். என் போனில் 4 சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. அம்மா எழுதி முடிக்கும்வரை அந்த வெளிச்சத்தை முகத்திலிருந்து நீங்கள் எடுக்கவே இல்லை.

உதவி செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உதவி வாங்குகிறவளின் பயத்துக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, அப்புறம் உதவியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் இறங்கியதும் முதலில் திட்டினீர்கள். ஓரமாக நிற்கிற வண்டிக்குள் உட்காரவே கூடாது, பின்னால் வருகிறவன் அசந்தால் அவ்வளவுதான், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்று. பூட்டிய கதவுதான் எனக்குப் பாதுகாப்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். உங்கள் லாரி இரண்டு பக்க இண்டிகேட்டரும் எரிய என் வண்டிக்குப் பின்னால் அரணாக நின்றது. எச்சரிக்கை முக்கோணப் பலகையை இன்னும் தள்ளி வைத்துவிட்டு வந்தீர்கள்.

பத்து நிமிஷத்தில் நீங்களே டயரை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். “அடுத்த தடவை நான் வரமாட்டேன்ல, நீங்களே போடுங்க” என்று வீல் ஸ்பேனரை என் கையில் கொடுத்தீர்கள். ஜாக்கியைத் தொடப் போனவளைத் தடுத்தீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டுமாம், தூக்கிய பிறகு சக்கரம் சேர்ந்து சுற்றலாம். கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. “காலால மிதிங்க” என்றீர்கள். மிதித்தேன், ‘கிரீச்’ என்று இளகியது. பின் சக்கரத்தைத் தூக்குவதால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தீர்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு விட்டு ஒரு நட்டாக, எதிரெதிராக முடுக்கச் சொன்னீர்கள். ஸ்டெப்னியை, அதாவது மாற்று டயரை, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காத்து கம்மி. மெதுவாப் போங்க, முதல் பங்க்ல அடிச்சிருங்க. நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம் நட்டை இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்க” என்றீர்கள். பார்த்தேன் அண்ணா. ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போனது.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஸ்டியரிங்கை இறுக்கி நேராகப் பிடி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடு என்று வருஷக்கணக்குக்கு முன்னால் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் மாஸ்டருக்கு நன்றி, அந்த மூன்று வினாடியில் எனக்குக் கேட்டது உங்கள் குரல்தான். ‘எங்கம்மா இருக்கீங்க’ என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்த அவசர உதவி எண்காரருக்கும் நன்றி, மேப்பைப் பார்த்தே ஓட்டி வந்ததால் நான் கடந்த ஊர் எது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் உங்களைத் தவிக்கவிட்டேன், மன்னியுங்கள். விடிவதற்குள் கடையைத் திறந்த மெக்கானிக் தம்பி, தூங்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மா, அக்கா, அலுவலகத் தோழிகள், எல்லோருக்கும் நன்றி.

மெக்கானிக் தம்பி வெடித்த டயரைத் தூக்கிக் காட்டினான். பட்டன், அதாவது தரையில் படுகிற மேல்பக்க வரிகள், நன்றாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் நானும் நம்பி ஓட்டியிருந்தேன். பக்கச் சுவரில் அழுக்கைத் துடைத்து நாலு எண்களைக் காட்டினான், 1514. 2014-ஆம் வருஷத்தின் 15-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தமாம். ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. பழைய வண்டியாக வாங்கியபோது இன்ஜின், பெயின்ட், ஏசி எல்லாம் பார்த்தேன். அந்த நாலு எண்ணை மட்டும் பார்க்கவில்லை. உங்கள் வண்டியின் ஐந்து டயரிலும் இன்றைக்கே போய்ப் பாருங்கள், தயவுசெய்து. ஐந்தாவது டிக்கிக்குள் இருக்கிறது.

தனியாக ஓட்டுவதை நிறுத்திவிடு என்று சிலர் அக்கறையோடு சொன்னீர்கள். நிறுத்த மாட்டேன். இனிமேல் மாதம் ஒரு முறை ஸ்டெப்னிக்கும் காற்று பார்ப்பேன். கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குச் சேர்வேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். கண்ணில் படுகிற கிலோமீட்டர் கல்லை மனசில் வாங்கிக்கொள்வேன். டார்ச் ஒன்று வாங்கியாயிற்று. வழியில் யாராவது நின்றுகொண்டிருந்தால் நானும் நிறுத்துவேன், பத்தடி தள்ளி நின்று, வெளிச்சத்தை முதலில் என் முகத்தில் அடித்துக் காட்டுவேன்.

அண்ணா, நீங்கள் வந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தீர்கள். இரண்டாவது நட்டை முடுக்கும்போது அந்த நடுக்கம் நின்றுவிட்டது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையைத் துடைத்து நிமிர்ந்தேன், அதற்குள் லாரி கிளம்பிவிட்டது.