41 காவலும் ஒரு பட்டமும்

அன்புள்ள அம்மாவுக்கும், அத்தைக்கும், மாஸ்டருக்கும், சார்ஜன்ட் அண்ணனுக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்த ஆட்டோக்காரருக்கும்,

இலங்கை இராணுவத்தில் சாரதியாக இருப்பவன் வண்டியை எடுத்தால் ரன்னிங் சார்ட் எழுதியாக வேண்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், யார் அனுமதித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டதால், படிக்கத் தொடங்கிய 2018ஆம் ஆண்டிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியில் இன்னொரு கணக்கும் எழுதி வந்தேன். வகுப்புக்கோ பரீட்சைக்கோ நான் போன நாட்களில் எனக்குப் பதிலாக இரவுக் காவலுக்கு நின்றது யார் என்ற கணக்கு. பட்டமளிப்பு முடிந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மறுநாள், எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 41 இரவுகள். நான் திருப்பி நின்று தீர்த்தவை 26. மீதி 15 அப்படியே கிடக்கின்றன.

பட்டச் சான்றிதழில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். மற்றப் பெயர்களை நான்தான் எங்கேயாவது எழுத வேண்டும். ஆனால் உங்களில் பலர் பெயரை வெளியில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

நான் 2011இல் இராணுவத்தில் சேர்ந்தேன். கையில் சாதாரண தரப் பெறுபேறு மட்டும் இருந்தது. அப்பாவால் வேலைக்குப் போக முடியாமல் போய்விட்டது, தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தோட்டத்தில் சிலர் தட்டிக் கொடுத்தார்கள், சிலர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பக்கத்தாரையும் நான் குறை சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அப்படியே கண்ணை மூடியவர் என் தாத்தா. அவருடைய பேரன் அதே நாட்டின் சீருடையோடு லீவில் வந்து வாசலில் நின்றபோது பாட்டி என்ன நினைத்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு அன்றும் வரவில்லை.

படிப்பு ஆசை வந்தது மீரியபெத்தையில். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து லயங்களை மூடியது. நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லொறிச் சாரதி. எங்கள் குழுவில் தமிழ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். எந்த இடத்தில் எந்த லயம் இருந்தது, எந்தக் காம்பராவில் (அறையில்) எத்தனை பேர், காலையில் யார் வேலைக்குப் போயிருந்தார்கள் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்பார். நான் தமிழில் கேட்டு, சிங்களத்தில் சொல்வேன். ஒரு பெரியவர் சேற்றின் மேல் நடந்து நடந்து காட்டினார்: இது அடுப்படி, இது கோயில், இது என் மகள் வீடு. அதை மொழிபெயர்க்கும்போது 'வீடு' என்ற சொல்லுக்குச் சிங்களம் எனக்கு மறந்துபோய்விட்டது. தினமும் பேசுகிற சொல்.

அன்று மாலை, நடந்ததை எழுதித் தரும்படி அதிகாரி சொன்னார். இரண்டு மொழியிலும் எழுத முடியவில்லை. அந்த மலை சரியும் ஆபத்து உள்ளது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்பதைப் பின்னால் பத்திரிகையில் படித்தேன். எச்சரிக்கை எந்த மொழியில், எந்தத் தாளில், யாருடைய மேசையில் தங்கிப்போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்த அதிகாரி, என் வெற்றுத் தாளைப் பார்த்துத் திட்டாமல், "நீ படிக்க வேண்டியவன்" என்று மட்டும் சொன்னார். சேர், எங்கே இருக்கிறீர்களோ, அந்த ஒரு வாக்கியத்துக்கு நன்றி.

சொல்வது எளிது, நடப்பது வேறு. வெளியில் படிக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு முகாமில் கேட்டபோது, லொறி ஓட்ட எதற்குப் பட்டம் என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். தியத்தலாவைக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் வழி திறந்தது. அங்கே இராணுவக் கல்லூரி இருக்கிறது. என் லொறியில் ஏறி இறங்கிய இளம் கேடட்டுகளில் சிலர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அவர்களுக்குப் பட்டமும் பயிற்சியும் ஒரே பாதையில் வரும். சாதாரண தரத்தோடு சிப்பாயாகச் சேர்ந்தவனுக்கு அது பக்கத்து மலையில் தெரிகிற விளக்கு மாதிரி.

மாஸ்டர், நீங்கள்தான் திறந்த பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 1980இல் தொடங்கிய பல்கலைக்கழகம், உயர்தரம் இல்லாதவனும் அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்துப் பட்டப்படிப்புக்குள் போகலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. விண்ணப்பப் படிவத்தை நீங்களே வாங்கி வந்து மேசையில் வைத்த பிறகுதான் நம்பினேன். ஏழு வருடமாகச் சிங்களக் கட்டளையிலேயே வாழ்ந்தவனுடைய எழுத்துத் தமிழ் எப்படி இருந்திருக்கும்! என் முதல் ஒப்படையில் (அசைன்மென்டில்) நீங்கள் போட்ட சிவப்பு மையைப் பார்த்து, முகாமில் பக்கத்துக் கட்டில்காரன் ஏதோ தண்டனைக் கடிதம் என்று பயந்துவிட்டான். ஹப்புத்தளை பஸ் கண்டக்டர் ஒருவர் அந்த உறைகளை வாரக்கணக்கில் அங்கும் இங்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு தடவைகூடக் காசு வாங்கவில்லை, ஒரு தடவைகூடத் தொலைக்கவில்லை. இரண்டாவதுதான் பெரிய விடயம்.

வெளியில் இருப்பவர்கள் நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். சாரதி வேலையில் பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. அதிகாரி கூட்டத்துக்குள் போனால் வெளியே வர மூன்று மணித்தியாலம் ஆகும். லொறியின் காபினுக்குள் ஒரு சமூகவியல் அத்தியாயம் முடிந்துவிடும். படிப்பதில் சிக்கல் இருக்கவில்லை. குறித்த நாளில் குறித்த இடத்தில் உடம்போடு இருப்பதுதான் சிக்கல். தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. 'டே ஸ்கூல்' என்று நாங்கள் சொல்லும் நேரடி வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. காவல் பட்டியலுக்குச் சனி, ஞாயிறு தெரியாது.

அங்கேதான் சார்ஜன்ட் அண்ணன் வருகிறார். வெலிமடைக்காரர், தமிழில் மூன்று சொல் தெரியும், மூன்றும் சாப்பாடு. "மல்லி (தம்பி), நீ போ, நான் நிற்கிறேன்" என்று சிங்களத்தில் அவர் சொன்ன இரவுகள் மட்டும் ஒன்பது. தரத்தில் என்னைவிட மேலே இருந்தவர், எனக்காகக் காவல் கூட்டுக்குள் நின்றார். முகாமில் இருந்தவர்களுக்குத்தான் இதன் எடை தெரியும். அவர் நின்றதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் நின்றார்கள் என்று நினைக்கிறேன்.

2020 பெப்ரவரியில் வூஹானிலிருந்து வந்த 33 மாணவர்களைத் தியத்தலாவை முகாமில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் லீவும் தனிமைப்பட்டுவிட்டது. வகுப்பெல்லாம் சூம் திரைக்குப் போனது. கடைசியில் லீவு கிடைத்து வீட்டுக்கு வந்தால், எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும். அம்மா, காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து, போனுக்கு மழை படாமல் குடை பிடித்து நீங்கள் நின்றதை நான் எங்கே எழுதி வைப்பது? குடையை எனக்கல்ல, போனுக்குத்தான் பிடித்தீர்கள். முழு விரிவுரையையும் கேட்டுவிட்டு, பெருந்தோட்டத் தொழிலாளர் பற்றிய பாடத்தில் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது என்றீர்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசில் கழிக்கிற கிலோவைப் பற்றி விரிவுரையாளர் ஒன்றுமே பேசவில்லை என்றீர்கள். அதை அப்படியே ஒப்படையில் எழுதினேன். அந்த ஒப்படைக்குத்தான் எனக்கு அதிக புள்ளி. நான் படிக்கத் தொடங்கியபோது உங்கள் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 730 ரூபாய். அதிலும் எனக்கு ஒரு மேசை விளக்கு வாங்கித் தந்தீர்கள். தங்கச்சி, தட்டச்சு முழுவதும் உன்னுடையது. அதற்குமேல் எழுதினால் கூலி கேட்பாய்.

2022இல் எரிபொருள் வரிசைகளில் கடமை போட்டார்கள். மின்சாரம் இல்லை, பரீட்சைத் திகதி ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போனது. பண்டாரவளையில் ஒரு நிலையத்தில் இரவு முழுக்க நின்றபோது, சட்டைப் பையிலிருந்த குறிப்புகளை ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் இரண்டு நாளாகக் காத்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சீருடைக்காரன் மேல் எல்லோருக்கும் கோபம் இருந்த நேரம் அது, நியாயமான கோபம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பரீட்சை நாள் காலையில் பதுளைக்குப் பஸ் இல்லாமல் சந்தியில் நின்றேன். அதே ஆட்டோ வந்து நின்றது. அந்த இரண்டு நாள் வரிசையில் கிடைத்த பெற்றோலில் என்னைப் பதுளைவரை கொண்டுபோய் விட்டார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா, இதைப் படித்தால் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.

அத்தை, உங்களுக்கு எழுதுவதுதான் கடினம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் நீங்களும் ஒருவர். 2009இல் சின்ன மகனை இழந்தீர்கள். 2011இல் நான் சேர்ந்த செய்தி கேட்டதும் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதை நிறுத்தினீர்கள். கடைசி வருட ஆய்வுக்கு வன்னியில் குடியேறிய மலையக மக்களை எடுத்துக்கொண்டபோது, உங்களைத் தவிர யாரிடம் போவதென்று தெரியாமல் கடிதம் எழுதினேன். தங்கச்சி மூலம் பதில் வந்தது: வரட்டும், சீருடையில் வர வேண்டாம்.

கிளிநொச்சியில் உங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்தேன். உங்கள் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நீங்கள் பாயில் படுத்தீர்கள், மறுத்தால் பேச மாட்டேன் என்றீர்கள். காடு வெட்டியது, கிணறு தோண்டியது, வந்த இடத்திலும் 'தோட்டக்காட்டான்' என்ற வசைச் சொல்லைக் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இடம்பெயர்ந்தார்கள்" என்று வந்த இடத்தில் நிறுத்தி, துரத்தப்பட்டோம் என்று எழுது என்றீர்கள். எழுதினேன். விரிவுரையாளர் அந்தச் சொல்லின் கீழ் கோடு போட்டு, யாருடைய சொல் என்று பக்கத்தில் கேட்டிருந்தார். என் அத்தையுடையது.

மகனைப் பற்றி ஆய்வில் ஒரு வரியும் இல்லை. அது நமக்குள் இருந்த உடன்பாடு, இந்த மடலிலும் அதற்குமேல் எழுத மாட்டேன். மன்னித்தீர்களா என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. புறப்படும்போது, குளிர் மலையில் இது காய்க்காது என்று சொல்லி ஒரு பை நிறைய முருங்கைக்காய் தந்தீர்கள்.

பட்டமளிப்புக்குக் கொழும்புக்கு இரவுத் தபால் ரயிலில் அம்மாவும் தங்கச்சியும் வந்தார்கள். பண்டாரநாயக்க மண்டபத்துக்குள் ஏசி குளிர் அம்மாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, ஹப்புத்தளைக்காரிக்கு அதெல்லாம் குளிரா? மற்றபடி எல்லோருக்கும் நடப்பதுதான் நடந்தது.

இனி அந்த 15 இரவுக் கடன். சிலர் மாற்றலாகிப் போனார்கள், சிலர் சேவையை விட்டு வெளிநாடு போய்விட்டார்கள். சார்ஜன்ட் அண்ணன் 22 வருடம் முடித்து ஓய்வூதியத்தோடு வெலிமடையில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போடுகிறார். அவருக்குத் தர வேண்டியது ஐந்து இரவு. தொலைபேசியில் கணக்கைச் சொன்னபோது சிரித்துவிட்டு, தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்குகிறது, காவலுக்கு ஆள் இல்லை, வந்து நின்றுவிட்டுப் போ என்றார். அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சேர்த்து லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரோர்ச்சை மட்டும் அவர் தருவதாகச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை
ஹப்புத்தளை