கயிறு கட்டிவிடுவது யார்?

ஆசிரியருக்கு,

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நோட்டு, பேனா, ஃபேன்ஸி சாமான் விற்கிற கடை என்னுடையது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது அவன் பள்ளியிலேயே படித்த பையன்கள். அதையடுத்து, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தின் தலையிலேயே கட்டப் பார்க்கிறோம்.

கயிறு கேட்டு வருவது பிள்ளைகள் மட்டுமல்ல. போன மாதம் மூன்றாம் வகுப்புப் பையனோடு ஓர் அப்பா வந்தார். பையன் ஆசையாக ஒரு கயிற்றை எடுத்தான். “ஏலே, அது நம்ம கலர் இல்ல, கீழ வைலே” என்று பிடுங்கினார். “அப்போ யாரு கலருப்பா?” என்றான் பையன். குனிந்து அவன் காதில் அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வாரம் ஒரு பீரியடு நீதிபோதனை நடத்தி எந்த வாத்தியார் இதை அழிப்பார்? அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது ஊரறிந்த விஷயம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, காம்பவுண்டுச் சுவர் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். கூடவே அந்த அறிக்கையையும் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும். வழக்கம்போல அம்மாக்கள் மட்டும் வந்தால் போதாது. ஞாயிறு சாயங்காலம் வைத்தால் அப்பாக்களும் தாத்தாக்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர்,
திருநெல்வேலி மாவட்டம்.