'கிடைக்கவில்லை' வேறு, 'இல்லை' வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதிக் குடிநீரில் சாக்கடை கலக்கிறதா என்பது பற்றி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். 10 குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சோதித்தார்களாம். 'கலப்பு இல்லை என்பது புள்ளியியல் முறைப்படி நிரூபணமானது' என்று முடித்திருக்கிறீர்கள். 31 வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள் நான். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எடுகோள் சோதனை, அதாவது ஓர் அனுமானத்தைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை, அப்படி எதையும் நிரூபிக்காது. 'கலப்பு இல்லை' என்பதை இன்மை எடுகோளாக (தொடக்க அனுமானமாக) வைத்துக்கொண்டு, அதைத் தள்ள ஆதாரம் போதுமா என்று பார்ப்போம். போதவில்லை என்றால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். உங்களுக்குத் தெரியாததல்ல.

10 குழாயில் ஒன்றுகூடக் கெடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கை வரம்பை, அதாவது இந்த முடிவோடு பொருந்தக்கூடிய உச்ச அளவை, போட்டுப் பாருங்கள். ஊர்க் குழாய்களில் கால் பங்குவரை கெட்டிருக்க இடம் இருக்கிறது என்று வரும். 300 குழாய் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டால்தான் அது 1 சதவீதத்துக்கு இறங்கும்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலையில் பிடிக்கும் முதல் குடத்தில் மட்டும் சாக்கடை வாடை அடித்தது. புகார் கொடுத்தோம். மதியம் மூன்று மணிக்கு வந்து ஒரே ஒரு பாட்டில் பிடித்துப் போனார்கள். 'குறை இல்லை' என்று பதில் வந்தது. என் மருமகள் இன்றைக்கும் முதல் இரண்டு குடத்தைச் செடிக்குத்தான் ஊற்றுகிறாள். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்த்த என் அப்பா, மூட்டைக்கு மூட்டை அடிவரை கைவிட்டு எடுத்து, கொட்டையை வெட்டிப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். முந்திரிக்குக் காட்டும் அக்கறை குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாமா?

தேர்தல் கருத்துக்கணிப்பு வந்தபோதும் எழுதினேன். இரண்டு சதவீத வித்தியாசத்தை 'முந்துகிறார்' என்று தலைப்பாகப் போட்டீர்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்ற விவரமே இல்லை. 400 பேரைக் கேட்டால் கணிப்பு 5 சதவீதம்வரை மேலேயும் கீழேயும் போகும். அந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. அதற்கு முன்னால் மாணவர் பகுதியில் நம்பிக்கை இடைவெளியை (கீழ், மேல் நம்பிக்கை வரம்புகளுக்கு இடைப்பட்டதை) தப்பாக விளக்கியதற்கு எழுதியதும் அப்படியே போயிற்று.

இப்போது நான் கேட்பது சின்னத் திருத்தம்தான். 'கலப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை; பார்த்தது 10 குழாய்கள்' என்று போடுங்கள். அப்புறம், தண்ணீரை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்