விருதுக்குப் பிறகும் மதிப்பீடு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

விருது பெற்ற நகரத் திட்டங்கள் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016-இல் சிறந்த நகரங்களுக்குச் சிங்கப்பூர் வழங்கும் லீ குவான் யூ உலக நகர விருதைப் பெற்றதற்கு வானுயர்ந்த கட்டடங்கள் காரணமல்ல. வன்முறையால் ஒடுங்கிக் கிடந்த மலைச்சரிவுக் குடியிருப்புகளை 2004 முதல் கம்பிவட ஊர்திகளால் மெட்ரோ ரயிலுடன் இணைத்து, அங்கே பள்ளிகளையும் நூலகங்களையும் பூங்காக்களையும் எழுப்பிய திட்டமிடல்தான் முக்கியக் காரணம். ஏழைகள் வாழும் இடத்துக்கே சிறந்த கட்டுமானம் செல்ல வேண்டும் என்ற அந்தத் துணிவை மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், அங்கு கட்டடக்கலைக்காகப் பெரிதும் பாராட்டப்பட்ட எஸ்பான்யா நூலகம், 2007-இல் திறக்கப்பட்டு எட்டே ஆண்டுகளில் கட்டுமானக் குறைகளால் மூடப்பட்டது என்பது வேதனையானது. சியோலில் மேம்பாலச் சாலையை அகற்றி 2005-இல் மீட்கப்பட்ட சியோங்கேசியோன் ஓடையிலும் (அழகில் குறைவில்லை) நீர் வற்றாமலிருக்க ஹான் ஆற்றிலிருந்து தொடர்ந்து நீரேற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே, விருதுக் குழுவினர் பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்கு மீண்டும் சென்று, பராமரிப்பின் நிலையையும் அங்கு குடியிருப்போரின் கருத்தையும் பதிவுசெய்து வெளியிட வேண்டும். திட்டமிடல் துறைகளும் பராமரிப்புச் செலவைத் தொடக்கத்திலேயே திட்ட மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்