கால்நடை வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: பாறுகளும் நம் மருந்துப் பெட்டியும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாட்டைப் பட்டியில் அடைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு நடந்தது. தீவனம் பற்றிய நம் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆறு கூட்டங்களில் நான்கு, செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகைப் பற்றிப் பேசுவதிலேயே போயின. மாட்டுக்காரர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

சித்திரைக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினரான பெரியம்மா பேசியது நினைவிருக்கும். "மாடு செத்தா பள்ளத்தோரம் இழுத்துப் போட்டுட்டு வருவோம். வெயில் ஏறுறதுக்குள்ள மானத்துல வட்டம் கட்டும். மத்தியானம் போய்ப் பார்த்தா எலும்பும் கொம்புந்தான் கெடக்கும்." இன்று அதே பள்ளத்தில் மூன்று நாள் நாற்றம் அடங்குவதில்லை. நாய்கள் கூடுகின்றன, அங்கே தின்று பழகியவை நம் ஆட்டுக்குட்டிகளை விரட்டுகின்றன. பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியையே கொல்லக்கூடியது. நாய்க்கு அந்த வலு இல்லை. பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெறிநாய்க்கடியும் கெட்ட தண்ணீரும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பல்லுயிர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பள்ளத்தைத்தான்.

இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவை இது. ராஜஸ்தானின் பரத்பூரில் தொண்ணூறுகளில் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்து, கிளையிலிருந்து விழுந்து செத்ததைக் கண்டார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு என்ற இனம் 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2004-இல் ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம். அந்த மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. யூரிக் அமிலம் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிகிறது. சில நாட்களில் சாவு.

2019-இல் வந்த உலகப் பல்லுயிர் மதிப்பீடு, சுமார் 10 லட்சம் இனங்கள் அழிவை நோக்கிப் போவதாகச் சொன்னது. காட்டை அழிப்பது, வேட்டை, பருவநிலை மாற்றம், நஞ்சு, வெளியிலிருந்து வந்து மண்டும் செடிகள் எனக் காரணங்கள் பல. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் நம் மேய்ச்சலை என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாறு விஷயத்தில் காடு அப்படியே நின்றது, துப்பாக்கி தூக்கி யாரும் அதைத் தேடிப் போகவில்லை. நோயில் கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டு நாம் போட்ட ஊசியே அதைக் கொன்றது. இதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006-இலேயே தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போனதால், 2015-இல் 3 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலும் நிறுத்தப்பட்டது. பாறுக்கு இதே கேட்டைச் செய்யும் வேறு வலி மருந்துகளும் பின்னால் வந்தன: 2023 ஜூலையில் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும், 2024 டிசம்பர் இறுதியில் நிமெசுலைடும் கால்நடைக்குத் தடையாயின. இவற்றுக்கு மாற்றாக மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் பாறுக்குக் கேடு செய்வதில்லை என்று சோதித்து அறியப்பட்டிருக்கின்றன. மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

ஆனியில் வீட்டில் இருக்கும் வலி ஊசிகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னோம். அலுவலக மேசையில் கொட்டியபோது பாதி இடம் நிறைந்தது. லேபிள் கிழிந்தவை, ஊசி குத்தியதில் ரப்பர் மூடி பொத்தலானவை, பேர் தெரியாமல் யாரோ எழுதிக் கொடுத்து வாங்கியவை. அவற்றில் கீட்டோபுரோஃபென் பாட்டில் ஒன்று என் வீட்டுத் தொழுவத்து மாடத்திலிருந்து வந்தது. தடைக்கு முன்னால் வாங்கியது, மறந்தே போயிருந்தேன். கூட்டத்தின் முன் அதைச் சொல்வது என் கடமை. கேடான பாட்டில்களை எல்லாம் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

ஐப்பசியில் நடந்ததையும் பதிவு செய்கிறேன். சிறுத்தை அடித்த கன்றின் மேல் குருணைப் பூச்சிமருந்து தூவ ஓர் உறுப்பினர் கிளம்பிவிட்டார். ஈன்று இருபது நாள்கூட ஆகாத கன்று. அவருடைய கோபம் யாருக்கும் வரக்கூடியதுதான். தலைவரும் நானும் இரவோடு போய்ப் பேசினோம். பாறு தனியாகத் தின்பதில்லை, கூட்டமாக இறங்கும். நஞ்சு வைத்த ஒரு கன்று ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, இழப்பீட்டு மனுவை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அவருக்கு இந்தச் சங்கம் நன்றி சொல்ல வேண்டும்.

மாசியில் வனத்துறையினர் துணையோடு நம்மில் எட்டுப் பேர் மாயாற்றங்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் பெரிய நீர்மருது மரத்தின் உச்சியில் சுள்ளிக் கூடு. தொலைநோக்கியில் முதலில் எச்சம் படிந்த வெள்ளைக் கிளைகள்தான் தெரிந்தன. பிறகு கூட்டின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை அசைந்தது. ஒரே குஞ்சு. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு பருவமடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். போனதை மீட்க அவசரப்பட முடியாத பறவை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பர் இறுதியில் எடுத்த கணக்கில் 320 பாறுகள் தென்பட்டன. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் உணவுக்கு வந்த இரண்டு கழுகுகளும் பாறில் இன்னோர் இனமான மஞ்சள்முகப் பாறுகள்தாம். அவற்றின் வருகை தொண்ணூறுகளோடு நின்றுபோனது. நம் ஆற்றங்கரையில் இன்னும் கூடு இருக்கிறது.

இந்தப் பறவையை "பிணந்தின்னி" என்று நம் தாள்களில் இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புறப்பாடல்களிலேயே பாறு என்ற பெயர் இருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முடிவு செய்தவை: சங்கத்தின் பொது மருந்துப் பெட்டியில் மெலாக்சிகாம் மட்டுமே இருக்கும். எந்த மாட்டுக்கு எந்த ஊசி, என்றைக்குப் போட்டது என்று பேரேட்டில் எழுதப்படும். கேடான ஊசி போட்ட மாடு இறந்தால், உடையவர் சங்கத்துக்குத் தகவல் தர வேண்டும். ஆழக் குழி தோண்டும் செலவைச் சங்கம் ஏற்கும். பேரேட்டைப் பராமரிக்க இளைஞர் இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்