பயப்படாதே என்று சொல்லாதவர்களுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும், கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டில் என்னோடு இருந்தவர்களுக்கும் வணக்கம்.

எனக்குச் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் நடந்து ஏழு கிழமை ஆகிறது. வலது பக்கத்துக் கீழ்மடலை எடுத்துவிட்டார்கள். மெல்ல நடக்கிறேன், ரொட்டி சுடுகிறேன், சம்பல் அரைக்க மட்டும் மதினி விடுவதில்லை. ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறீர்கள். நன்றி சொல்ல வாயெடுத்தால் இருமல் முந்திக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒப்பரேஷன் செய்த வைத்தியர்களுக்கு நேரிலேயே கும்பிட்டுச் சொல்லிவிட்டேன். இது அதற்கு முந்தைய ஆறு கிழமைக்கான நன்றி. அந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் முக்கால்வாசிப் பேர் சொன்னது "பயப்படாதீங்க டீச்சர்" என்பதுதான். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் பயம் போகவில்லை, பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் இப்படி நடுங்கலாமா என்று. என்னைக் கரைசேர்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லாத சிலர்.

முதலில் நம் டிஸ்பென்சரி ஐயா. மார்கழிக் குளிரில் தோட்டமே இருமும்போது என் இருமலை யார் கணக்கில் எடுப்பார்கள்? நானே எடுக்கவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் நிற்காத இருமலைச் சும்மா விடக்கூடாது என்று பிடிவாதமாகச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பியது அவர்தான். காசநோய் இல்லை என்று வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அங்கிருந்து ஸ்கேன், சதைத்துண்டுப் பரிசோதனை, கொழும்பு என்று இழுத்துக்கொண்டு போனது.

ஸ்கேன் முடிவை ஓரிடத்தில் நடைபாதையில் வைத்தே, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர் வாசித்துச் சொன்னார். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். அன்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போன முகம் தெரியாத அம்மாவுக்கும் இந்த மடல் போய்ச் சேரட்டும்.

"நீங்க புகைகூடப் பிடிச்சதில்லையே டீச்சர்" என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பிடிக்கவில்லைதான். என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் பீடி குடித்தார், நான் அந்தப் புகையைக் குடித்தேன். புகைக்கூடு இல்லாத லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குசினியில் பச்சை விறகை ஊதி ஊதி வளர்ந்தவள் நான். காரணம் இதுதான் என்று எந்த வைத்தியரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும், அடுத்தவர் விட்ட புகையாலும் வரும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். "நீங்க என்ன பாவம் செஞ்சீங்க" என்று கேட்காமல் இருந்த எல்லோருக்கும் நன்றி.

சரி, பயத்துக்கு வருகிறேன். பகலில் அது இருக்காது. ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு எழுப்பும். நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், மூச்சு மேலேயே நின்றுவிடும். சுவாசப்பையில் நோய் உள்ளவளுக்கு மூச்சு முட்டினால் என்ன தோன்றும்? முடிந்தது கதை என்றுதான். அப்படி ஒரு இரவில், மகனை எழுப்ப மனமில்லாமல், 1926க்கு நானே போன் அடித்தேன். அது தேசிய மனநல உதவி இலக்கம். பைத்தியத்துக்குத்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். தமிழில் பேச ஒரு பெண் கிடைத்தார். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எதை நினைச்சா கூடப் பயமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். சாவு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மயக்க மருந்து" என்று வந்தது. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் டிஸ்பென்சரி ஐயாவிடம் இதைச் சொன்னேன். "டீச்சர்தானே, கேள்வித்தாள் தயாரிங்க" என்றார். தயாரித்தேன். பதினேழு கேள்வி, பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று பிரித்து. கொழும்பில் கிளினிக்குக்குப் போனபோது மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் ஒரு கேள்வியையும் தாண்டவில்லை. நடுவில் விழித்துவிட்டால்? முடியும்வரை ஒரு வைத்தியர் என் தலைமாட்டிலேயே நின்று மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். வெட்டும்போது எப்படி மூச்சு விடுவேன்? வலது பக்கத்துக்கு ஓய்வு கொடுத்து இடது பக்கத்தை மட்டும் மெஷின் இயக்கும். ஒரு துண்டை எடுத்தால் மிச்சம் போதுமா? வலது சுவாசப்பையில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஊதவைத்து அளந்த கணக்கின்படி மிச்சம் போதும்.

கடைசிக் கேள்வி, நோய் முழுக்கப் போய்விடுமா என்பது. எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் சொல்ல முடியும், இப்போது தெரியாது என்றார். அந்தப் பதிலுக்குத்தான் முழுப் புள்ளி கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்பவர் மற்றப் பதினாறிலும் பொய் சொல்லியிருக்கமாட்டார் அல்லவா?

அவர் பேசியது சிங்களத்தில். எனக்குச் சந்தைச் சிங்களம்தான் வரும், நோய்ச் சிங்களம் வராது. பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, பயிற்சி டொக்டர், பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னது. சுருக்கவில்லை, இனிப்புத் தடவவில்லை. மகளே, அன்று என் பயத்தில் பாதி உன் மொழிபெயர்ப்பில்தான் கரைந்தது.

பிசியோதெரபி தங்கச்சி மூன்று பந்து உள்ள ஒரு சாமானைக் கையில் தந்து, உறிஞ்சிப் பந்தைத் தூக்கச் சொன்னார். முதல் நாள் ஒன்றுதான் எழும்பியது. மூச்சு முட்டும்போது உள்ளே இழுக்கப் போராடாமல், இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடவும் அவர்தான் பழக்கினார். பயத்தில் மேலும் மேலும் இழுப்பதால்தான் விரல் மரக்கிறது என்றார். அதற்குப் பிறகு இரவு மூன்று மணிக்கு எனக்கு ஒரு வேலை இருந்தது. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. பயம் வந்தது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து மூன்று பெண்களுக்கு என்ன சொல்வது? ஒப்பரேஷனுக்கு முன் தினமும் நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த காலோடு, பின்னேரம் பின்னேரம் வந்து என்னை மாரியம்மன் கோவில் படிவரை கூட்டிப்போனீர்கள். நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. துரையைத் திட்டினீர்கள், மருமகளைத் திட்டினீர்கள், அட்டைக்கு உப்பு வைத்தீர்கள். ஒருத்தி மட்டும் ஒருநாள், "கவ்வாத்து வெட்டின மலை மாதிரிதான் டீச்சர், திரும்பத் துளிர்க்கும்" என்றாள். "செடி துளிர்க்கும், சுவாசப்பை துளிர்க்காது, மிச்சம்தான் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும்" என்று நான் திருத்தினேன். ஆசிரியப் புத்தி. அவள் கோபிக்கவில்லை. "சரி, அப்ப மிச்சத்த வச்சு ஏறுங்க" என்றாள். ஏறினேன். ஆறாம் கிழமை மூன்று பந்தும் எழும்பின.

ஆனால் ஒப்பரேஷனுக்கென்று கொழும்புக்குப் போன அன்று அது நடக்கவில்லை. வேனில் கினிகத்தேனை வளைவெல்லாம் வாந்தி எடுத்து, வாட்டில் சேர்ந்து, இரவிலிருந்து பட்டினி கிடந்து, உடுப்பும் மாற்றிய பிறகு, காலை பதினொரு மணிக்கு இன்று இல்லை என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லையாம். அவர்கள் பிழையில்லை, அந்தக் கட்டிலில் என்னைவிட மோசமான ஒருவர் படுத்திருப்பார். இருந்தும் அத்தனை நாள் கட்டிவைத்த தைரியம் பொலபொலவென்று கொட்டியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். "அம்மே, தே எகக் பொன்ன" (அம்மா, ஒரு தேத்தண்ணி குடிங்க) என்று ஒரு அட்டெண்டன்ட் அக்கா சாயத்தண்ணியும் ஒரு துண்டு சக்கரையும் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நாலு நாள் கழித்து என்னைத் தியேட்டருக்குத் தள்ளிப்போனதும் அவர்தான். வழி முழுக்க நான் நாலும் ஆறும் எண்ணிக்கொண்டு போக, அவரும் சிங்களத்தில் கூடவே எண்ணினார்.

வேன் தம்பி, நீ டீசல் காசுக்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை. மூன்றாம் வகுப்பில் உன் காதைத் திருகியதை மன்னித்துவிடு. மதினிக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை, பக்கத்திலிருந்து இதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கடைச் சந்தி நானா, வாட்டுக்குக் கொண்டுபோகத் தந்த பிளாஸ்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடி கொஞ்சம் கீறுப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். படியால் இல்லை, ரோட்டால் சுற்றித்தான் வருவேன், அதனால் கொஞ்சம் பிந்தும்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்