காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு வரும். பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. கோ-கோ, எறிபந்து அணிகள் பரிசுடன் திரும்பின. பங்கெடுத்த எல்லோருக்கும் வாழ்த்துகள்.

இனி, இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்த விஷயம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பெற்றோர்கள் பலர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்கள்: "பொதுத்தேர்வு முடியும்வரை பிள்ளைக்கு விளையாட்டுப் பீரியட் வேண்டாம், அந்த நேரத்தில் கணக்கு போடட்டும்." சில கடிதங்களுடன் மருத்துவச் சான்றும் வருகிறது. சான்றில் இருக்கும் கால்வலி, சாயங்காலம் டியூஷனுக்கு சைக்கிள் மிதிக்கும்போது காணாமல் போய்விடுகிறது. உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. மாங்காய் விலை படுத்த வருடத்திலும் கட்டணத்தைத் தவறாமல் கட்டியவர்கள் நீங்கள். ஓசூர் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் பள்ளி வாசலுக்கு வருகிறவர்களும் உண்டு. அந்த 40 நிமிடம் வீண் என்று நினைப்பதால்தான் கேட்கிறீர்கள். அது வீணா என்று பார்ப்போம்.

பிள்ளை ஒரு சூத்திரத்தைப் படிக்கும்போது மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன. மறுபடி மறுபடி அனுப்பினால் வாங்கும் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. அந்த இணைப்பு பலப்படுகிறது. 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் இதை அளந்து காட்டினார்கள். ஆனால் இந்தப் பலம் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். நாளைக்கும் அடுத்த மாதத்துக்கும் நிற்க வேண்டுமென்றால் செல் புதிய புரதங்களைச் செய்து இணைப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு உத்தரவு போடுகிறவற்றில் முக்கியமானது பி.டி.என்.எஃப். என்ற புரதம். 1982இல் பன்றி மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். இது செல்லின் மேல் உள்ள டிஆர்கே-பி என்ற ஏற்பியில், அதாவது சேதி வாங்கும் புரதத்தில், போய் ஒட்டும். உள்ளே கிரெப் என்ற புரதம் விழித்துக்கொள்ளும். அது நினைவுக்குத் தேவையான மரபணுக்களை இயக்கும்.

ஓட்டம் இங்கேதான் வருகிறது. சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப். உற்பத்தி கூடுவதை 1995இலேயே கண்டார்கள். ஏன் கூடுகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வேகமாக ஓடும்போது தசை, சர்க்கரையை உடைத்து உண்டாக்கும் லாக்டேட் என்ற பொருளை வெளியே விடுகிறது. அது ரத்தத்தில் ஏறி, மூளைக்குள் புகுந்து, பி.டி.என்.எஃப். மரபணுவைத் தூண்டும் வரிசையைத் தொடங்கிவைக்கிறது. நெடுநேர உழைப்பில் கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் கீட்டோன் என்ற வகைப் பொருள் ஒன்று, அந்த மரபணுவைப் பூட்டிவைத்திருக்கும் நொதிகளைத் தடுக்கிறது. இவை எலி ஆய்வுகள். மனிதரில் மூளையைத் திறந்து பார்க்க முடியாது, ரத்தத்தில்தான் அளக்க முடியும். ரத்தத்திலும் உடற்பயிற்சிக்குப் பின் அளவு கூடுகிறது, சிறிது நேரத்தில் இறங்கிவிடுகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் கூடும் அளவு பெரிதாகிறது. ஆகவே தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் ஓடவைத்துப் பயனில்லை.

ஞாபகசக்தி டானிக் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். பி.டி.என்.எஃப். ஒரு புரதம். அதையே பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாலும் வயிற்றில் பருப்பைப்போல் செரித்துப்போகும். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

நேரமும் முக்கியம். 2016இல் நெதர்லாந்தில் 72 பேருக்குப் படங்களும் அவற்றின் இடங்களும் மனப்பாடத்துக்குத் தரப்பட்டன. படித்த உடனே 35 நிமிடம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தனிப் பலன் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து மிதித்தவர்கள் இரண்டு நாள் கழித்து நடந்த சோதனையில் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரே ஆய்வு, பெரியவர்களிடம் செய்தது. இதை வேதவாக்காகக் கொள்ளவில்லை. ஆனாலும் செலவில்லாத மாற்றம் என்பதால், பொதுத்தேர்வு வகுப்புகளுக்குக் காலையில் கணக்கும் இயற்பியலும், கடைசிப் பீரியடில் விளையாட்டும் வருமாறு அட்டவணையை மாற்றியிருக்கிறோம். வெயிலும் அப்போது தணிந்திருக்கும்.

அந்த 40 நிமிடத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பதில்தான் இதுவரை பாதி நேரம் போனது. இனி சிறு குழுக்கள், பல பந்துகள். 5 நிமிடம் உடலைச் சூடாக்குதல், 25 நிமிடம் நாடி ஏறும் ஆட்டம், மீதி நடை, தண்ணீர். பதினைந்து வயதுப் பிள்ளையின் நாடி 15 நொடியில் 33 முதல் 38 வரை துடிக்க வேண்டும். எண்ணத் தெரியாவிட்டால், பேச முடியும், பாட முடியாது என்ற நிலை போதும். அதற்குக் கீழே இருந்தால் உலாத்தல். மிக மேலே போனால் பிள்ளை சோர்ந்து அன்று இரவு புத்தகத்தின் மேலேயே தூங்கும். மதியம் களியை நிறையச் சாப்பிட்டவனுக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவன் அதற்கு முன்பே மயங்குவான். இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். விலக்குக் கேட்கும் கடிதங்கள் இனி ஏற்கப்படாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, எலும்பு முறிவு போன்ற உண்மையான காரணம் இருந்தால், எதைச் செய்யக்கூடாது, எத்தனை நாள் என்று மருத்துவர் எழுதித் தரட்டும்; அதற்கேற்ற வேலை தருவோம். பொய்ச் சான்று வாங்கித் தருவது பிள்ளைக்கு நாமே பொய் கற்றுக்கொடுப்பது. விளையாட்டுப் பீரியடை ஆசிரியர்கள் கடன் வாங்குவதும் நின்றுவிட்டது. அந்தத் தவறு எங்களுடையது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதையும் நிறுத்தியிருக்கிறோம்: பயத்தில் சுரக்கும் மன அழுத்த ஹார்மோன், ஓட்டம் கூட்டுகிற அதே புரதத்தை எலிகளின் ஹிப்போகாம்பஸில் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விடிகாலை 4 மணிக்கு எழுப்புவதானால் இரவு 9 மணிக்குப் படுக்கவிடுங்கள். படித்தது ஊன்றுவது தூக்கத்தில்தான். அதை ஓட்டத்தால் ஈடுகட்ட முடியாது.

கண்டிப்பாக எழுதிவிட்டேனோ என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் வந்து மைதானத்தில் முள்ளும் கல்லும் பொறுக்கிக் கொடுத்த அப்பாக்களுக்கும், தண்ணீர் கேன் வாங்கித் தந்த அம்மாக்களுக்கும் பள்ளி கடன்பட்டிருக்கிறது. ஷூ இல்லையே என்று யாரும் புதிதாக வாங்க வேண்டாம். வெறுங்காலோடு ஆடும் அளவுக்குத் தரை இப்போது சுத்தமாக இருக்கிறது.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்
கிருஷ்ணகிரி